சூடம் அணைந்த வாஷிங் மெஷின்

அடுப்படியில் வாஷிங் மெஷின் மாட்டலாமா கூடாதா என்பதை இப்போது போன் முடிவு செய்கிறது. ஃபிட்டர் வாசலில் நின்றபடியே அடுப்படியைப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றுகிறார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்தில் ‘சாத்தியமில்லை’ என்று வந்துவிடுகிறது. மெஷின் மறுபடி வேனில் ஏறிப் போய்விடும். ஆசையாக வாங்கிய வீட்டுக்காரம்மா வாசலில் நிற்பார்.

நான் வேலையை விட்டு வந்த பிறகு முளைத்த ஏற்பாடு இது. விருதுநகரிலும் சிவகாசியிலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் மற்றவர்கள் அடுப்படியில் முட்டி போட்டே என் ஆயுசில் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். ஒரு அடுப்படியைக்கூட சாத்தியமில்லை என்று எழுதித் திருப்பியதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

போன வாரம் கார்த்திக் போன் செய்தார். கடையில் என் இடத்துக்கு வந்திருக்கும் ஃபிட்டர். நல்ல பிள்ளை, ஆனால் ஆப்பு சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

“அக்கா, திருத்தங்கல் பக்கம் ஒரு வீடு. அடுப்படி அம்புட்டுதான், கைய நீட்டுனா சுவரு. ஆப்பு செவப்பு காட்டிருச்சு. அந்தம்மா என்னடான்னா, ‘பழைய மெஷினு இங்கனதான ஓடுச்சு, மும்தாஜக்கா மாட்டுனாக, அவுகளக் கேளுங்க’ன்னு சண்டைக்கு நிக்கிறாக. எப்படிக்கா மாட்டுனீக?”

“முத்துச்செல்வி வீடா?”

“ஆமாக்கா. அவுக கையி வேற…”

“கையைப் பத்திப் பேசாதீங்க தம்பி. மெஷின வேன்ல இருந்து இறக்கி வைங்க. நான் வர்றேன்.”

போனில் கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியாது. எப்படி மாட்டினேன் என்பது ஸ்பேனர் சமாச்சாரம் மட்டும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஆப்பு எழுதியவர்கள் யாராவது படித்தால் இன்னும் நல்லது.

என் படிப்பை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். அத்தாவுக்கு விருதுநகரில் பலசரக்குக் கடை. நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் சிவகாசியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் ‘டெமோ லேடி’ என்று வேலை கொடுத்தார்கள். மெஷின் விற்ற வீட்டுக்குப் போய் எந்தப் பட்டனை எப்போது அமுக்குவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். போகிற வீட்டில் எல்லாம் மெஷின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் முன்னறையில் நிற்கும். மேலே டி.வி. இருக்கும், அல்லது மடித்த துணி இருக்கும். ஃபிட்டர் வந்து “இடம் இல்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஓடாத மெஷினுக்கு நான் என்னத்தை டெமோ காட்டுவது? கடுப்பில் ஒருநாள் நானே ஸ்பேனர் செட் வாங்கினேன். பொம்பளைப் பிள்ளை ஸ்பேனர் தூக்கிக்கொண்டு ஊர் வீடெல்லாம் ஏறி இறங்குகிறதே என்று எங்கள் தெருவில் பேச்சு வந்தது. கடைக்கு வந்தே ஒருவர் கேட்டார். “மெஷின் பூட்டுறது ஹராமா என்ன? கிதாபுல எங்கன இருக்கு, காட்டுங்க” என்றார் அத்தா. கேட்டவர் சீனியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பேசினவர்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. விடிந்ததும் ஆலை வேன்கள் வந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பகலில் வீட்டில் இருக்கிற பெண்கள் முன்பின் தெரியாத ஆம்பிளையை அடுப்படி வரைக்கும் விடத் தயங்குவார்கள். என்னை விட்டார்கள். விட்டதோடு இல்லாமல் காபியும் போட்டுக் கொடுத்தார்கள். கடைக்காரர் இதைக் கண்டுகொண்டதும் டெமோ லேடி ஃபிட்டர் ஆனாள்.

ஏன் அடுப்படியிலேயே மாட்ட வேண்டும் என்று பெரிய ஊர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் வீட்டில் பால்கனி இருக்கும், அதற்கென்றே ஒரு மூலை இருக்கும். எங்கள் பக்கத்துச் சின்ன வீடுகளில் முன்னறை ஒன்று, அடுப்படி ஒன்று. குளியலறை தெருக்கோடியிலோ கொல்லையிலோ கதவு சரியாக மூடாமல் நிற்கும். வீட்டுக்குள் தண்ணீர் ஊற்றினால் வெளியே போக வழி இருக்கிற ஒரே இடம் அடுப்படியின் அங்கணம். பாத்திரம் கழுவ மூலையில் சின்னத் திட்டுக் கட்டி, சுவரில் ஓட்டை விட்டிருப்பார்கள், அதுதான் அங்கணம். நகராட்சித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைக்கிற டிரம்மும் அதன் பக்கத்தில்தான். தண்ணீர் அங்கே, வாய்க்கால் அங்கே. மெஷின் மட்டும் வேறெங்கே போகும்?

எங்கள் சர்வீஸ் மேனேஜர் தெய்வேந்திரன் சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் டேப் இருக்கும், அதை அவர் நீட்டி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வேலை முடிகிற நேரத்துக்கு வண்டியில் வந்து இறங்குவார். செருப்பைக் கழற்றிவிட்டு அடுப்படி நிலைப்படியில் நிற்பார். உள்ளே கால் வைக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார்.

“தண்ணி எங்கன இருந்து வருது?”

சொல்ல வேண்டும்.

“எங்கன போகுது?”

சொல்ல வேண்டும்.

“நடுவுல யாரு நிக்கிறாக?”

இந்த மூன்றாவது கேள்வியில்தான் ஆட்கள் மாட்டுவார்கள். வீட்டுக்காரம்மா குட்டையானவரா, குனிய முடியாதவரா, இடுப்பில் பிள்ளையோடு நின்று துணி போடுகிறவரா, இதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கும். பதில் பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டார். நம் கையில் இருக்கிற ஸ்பேனரை மெதுவாக வாங்கி, கைக்குட்டையில் துடைத்து, நம் பையிலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிடுவார். அவ்வளவுதான். அந்த வேலை உன் கையைவிட்டுப் போயிற்று என்று அர்த்தம். அந்த ஜிப் சத்தத்துக்கு நாங்கள் எல்லோரும் பயப்படுவோம். நல்லா செய்திருந்தால் பாராட்டவும் மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

மூன்றாவது கேள்விக்குள் துணியும் இருக்கிறது என்பது எனக்கு ஆலங்குளத்தில்தான் விளங்கியது. சிமெண்ட் வேலைக்குப் போகிறவர் வீடு. அடுப்படியில் கச்சிதமாக மாட்டிவிட்டு வந்தேன். சில மாதத்தில் தண்ணீர் வெளியே போகவில்லை என்று கூப்பிட்டார்கள். கழிவுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சிமெண்ட் இறுகிக் கல்லாகிக் கிடக்கிறது. அவர் சட்டையை உதறாமல் போட்டிருக்கிறார்கள். மெஷினுடன் வந்த புத்தகத்தில் அழகான பெண் ஒருத்தி வெள்ளைத் துண்டை மெஷினில் போடுகிற படம்தான் இருந்தது. சிமெண்ட் சட்டைக்குப் படம் இல்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கொடியில் கிடக்கிற துணியை முதலில் பார்ப்பேன், அப்புறம்தான் அடுப்படியைப் பார்ப்பேன்.

அந்த முதல் மெஷினை வாங்க முத்துச்செல்வி கடைக்குத் தனியாக வந்தார். வீட்டுக்காரர் கூட வரவில்லை. முந்தானைக்குள் இருந்த இரண்டு கையையும் எடுத்து வரிசையில் நின்ற மெஷின் ஒன்றின் மேல் வைத்தார். விரல்கள் எல்லாம் உள்ளங்கையை நோக்கி மடங்கி, தோல் இழுத்து, மினுமினு என்று இருந்தன. பட்டாசு ஆலையில் நடந்த ஒரு விபத்து. கல்யாணமான புதிதில் நடந்தது. எந்த ஆலை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“இந்தக் கைக்கு அமுங்குற பட்டன் எதுல இருக்குன்னு காட்டுங்கக்கா” என்றார்.

வரிசையாகக் காட்டினேன். தொட்டால் வேலை செய்கிற கண்ணாடிப் பலகை அவர் விரலை விரலாகவே மதிக்கவில்லை. எத்தனை தரம் தொட்டும் சும்மா இருந்தது. திருகுகிற குமிழை அவரால் பிடித்துத் திருக முடியவில்லை. இன்னொன்றில் பட்டன்கள் புடைத்துக்கொண்டு நின்றன. விரல் மடங்குகிற மொளியால் ஒன்றை அமுக்கினார். ‘டிங்’ என்றது. இன்னொரு தரம் அமுக்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“இதுதான் எம் பேச்சக் கேக்குது. இதவே கொண்டாங்க.”

பக்கத்தில் நின்ற விற்பனைப் பிள்ளை, “வீட்ல சாரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்களேம்மா” என்றது. முத்துச்செல்வி அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னிடம் சொன்னார்.

“தெருக்குழாய்க் கல்லுலதான்க்கா தொவைக்கேன். காலால மிதிச்சு அழுக்கு எடுத்துருவேன். பிழியத்தான் வராது. அக்கம்பக்கத்துல பிழிஞ்சு குடுக்காக. நல்லவுகதான், கொறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு சேலைக்கு ஒரு ‘ஐயோ பாவம்’. பாவாடைக்கு ஒண்ணு. பிள்ளை சட்டைக்கு ஒண்ணு. எத்தன வருசமாக் கேக்குறது? எந் துணிய இனி யாரும் பிழிய வேணாம்.”

இதைக் கேட்ட பிறகு அந்த அடுப்படி தீப்பெட்டி அளவுதான் என்று சொல்லியிருந்தால்கூட நான் மாட்டியிருப்பேன்.

அளவு அப்படித்தான் இருந்தது. ஒரு பக்கம் முழுக்கக் கடப்பாக்கல் மேடை. அதன் மேல் கேஸ் அடுப்பு. மேடைக்குக் கீழே சிலிண்டரும் அரிசி டின்னும். அங்கணம் அந்தக் கோடியில். மெஷினை மேடைக்கு அடியில் தள்ளலாம், ஆனால் மூடி மேலே திறக்கிற மெஷின் அது. மேடைக்கு அடியில் இருந்தால் மூடி எப்படித் திறக்கும்? முன்னால் கதவு வைத்த மெஷினை வாங்கினால் அடியில் போகும். ஆனால் அதில் பட்டன் இல்லை, கண்ணாடிப் பலகைதான் இருந்தது. ஆக, கல்லை வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

முத்துச்செல்வியின் மாமியார் காளியம்மாள் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லை வெட்ட வேண்டும் என்றதும் எழுந்து வந்தார்.

“நானும் எம் வீட்டுக்காரரும் பாத்துப் பாத்துப் போட்ட கல்லு. அத வெட்டணுமாக்கும்?”

“அங்கணத்துப் பக்கம் கோடியில மட்டும் எடுத்தாப் போதும்மா. அடுப்பு இருக்குற இடத்துல கை வைக்க மாட்டேன்.”

“அதுக்கு நேர் மேல சாமி இருக்கு, கண்ணு தெரியுதா? சாமி காலுக்குக் கீழ அழுக்குத் துணியா?”

அந்தக் கோடிச் சுவரில்தான் சாமிப் பலகை. குலசாமிப் படம், விளக்கு, விபூதித் தட்டு. நான் வேறு மதத்துக்காரி, அந்த இடத்தில் வாயைத் திறந்தால் வினையாகும். பேசாமல் டேப்பைச் சுருட்டினேன். முத்துச்செல்வி சொன்னார், “அங்கணத்துல மீன் கழுவுறப்ப மட்டும் சாமி கண்ண மூடிக்கிடுதோ அத்த?” காளியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே சாமிப் பலகையைக் கிழக்குச் சுவருக்கு மாற்றச் சொல்லி அவரே இடம் காட்டினார்.

கொத்தனாரை வைத்துக் கல்லின் கோடியை வெட்டி எடுத்தேன். வெட்டிய விளிம்பை உரசி மழுக்கச் சொன்னேன், இல்லையென்றால் போகிற வருகிறவர் இடுப்பைக் கிழிக்கும். சிலிண்டரை மேடையின் மறுகோடிக்குத் தள்ளினேன். எலி ஏறாமல் மெஷினுக்கு அடியில் வலைத்தகடு. வீட்டு வயரில் எர்த் இல்லை, எர்த் இழுக்காமல் பிளக்கை மாட்ட மாட்டேன் என்று எலெக்ட்ரீசியனைக் கூப்பிட வைத்தேன். மெஷினை உள்ளே நகர்த்திவிட்டு, அதன் தலையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தேன். டம்ளரில் தண்ணீர் எந்தப் பக்கம் ததும்புகிறதோ அந்தப் பக்கத்துக் காலைத் திருகி உயர்த்த வேண்டும். கடைசியில் தண்ணீர் அசையாமல் நின்றது. இந்த டம்ளர் வித்தை எனக்குப் பிடிக்கும். ரசமட்டத்தைக் காட்டினால் வீட்டுக்காரம்மாவுக்கு ஒன்றும் புரியாது. டம்ளரைப் பார்த்தால் அவரே “இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்” என்பார்.

அந்த வீட்டுத் துணியையும் பார்த்து வைத்திருந்தேன். முத்துச்செல்வியின் வீட்டுக்காரரும் பட்டாசு வேலைதான். ஆலை விட்டு வந்ததும் சட்டையையும் கைலியையும் வெளிச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். அந்தத் துணியில் பட்டாசு மருந்துத் தூள் ஒட்டியிருக்கும், பொறி பட்டால் பற்றும். வெயிலில் வெள்ளி மாதிரி மின்னும். அதை அடுப்பு எரிகிற பக்கம் கொண்டுவருவது இல்லை என்பது எங்கள் பக்கத்துப் பட்டாசு வீடுகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். காளியம்மாளுக்கு அது அத்துப்படி. மகனுக்கு அந்த ஆணியை அடித்துக் கொடுத்தவரே அவர்தான்.

அப்படிப்பட்டவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

மெஷினுக்குப் பூசை போட வேண்டும் என்றார்கள். அது எங்கும் நடப்பதுதான். வண்டிக்குப் போடுகிற மாதிரி மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் கொளுத்திக் காட்டுவார்கள். தெருப் பெண்கள் வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார்கள். நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து தண்ணீர்க் குழாயின் முறுக்கைக் கடைசியாக இறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மெஷின் மூடி திறந்திருந்தது. உள்ளே துணி கிடந்தது. துணியில் வெள்ளி மின்னியது.

தலைமகன் துணிதான் முதலில் விழ வேண்டும் என்று அந்தத் தாய்க்கு ஆசை. மகன் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற துணியைவிட அவர் கண்ணுக்கு எது உசத்தி? வெளி ஆணியில் கிடந்த முந்தின நாள் துணியை எடுத்து வந்து அப்படியே போட்டிருக்கிறார். மெஷினுக்குள் போனால் தண்ணீருக்குள் போன மாதிரி என்று மனசுக்குள் நினைத்துவிட்டார். தண்ணீர் இன்னும் திறக்கவே இல்லை. கையில் எரிகிற சூடத்தட்டு. கர்ப்பகிரகத்தில் காட்டுவது போல் தட்டை மெஷினின் வாய்க்குள்ளே தாழ்த்திச் சுற்றப் போகிறார்.

“அணைங்கம்மா, அணைங்க!” என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து வெளியே பெண்கள் குலவை போட்டார்கள். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. எட்டிப் பிடுங்கலாம் என்றால் குறுக்கே மெஷின்.

முத்துச்செல்வி பூசைக்கு வைத்திருந்த நிறைசெம்பை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தூக்கினார். தூக்கின வேகத்தில் சூடத்தின் மேலேயே கவிழ்த்தார். தட்டு, சூடம், மாமியார் கை, துணி, எல்லாம் நனைந்தது. மிச்சத் தண்ணீரையும் மெஷினுக்குள் ஊற்றினார். குலவை பாதியில் நின்றது.

துணி பற்றியிருக்குமா என்று கேட்டால், பற்றாமலும் இருந்திருக்கலாம். பற்றியிருந்தால் அந்தச் சின்ன அடுப்படியில் சிலிண்டரோடு நாங்கள் மூன்று பேர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றால் ஊற்ற ஆள் மிஞ்சாது.

ஆனால் வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்தது வேறு. மருமகள் சாமிக்குக் காட்டின சூடத்தைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டாள். காளியம்மாள் நனைந்த தட்டை மேடையில் ஓங்கி வைத்தார். அதில் பாதி பயம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது வெளியே வந்தது கோபம்தான்.

“சூடம் அணைஞ்ச பொருளு இந்த வீட்டுல இருக்கப்படாது. தூக்கிட்டுப் போகச் சொல்லு. இப்பவே தூக்கச் சொல்லு!”

அந்த நேரத்தில்தான் தெய்வேந்திரன் சார் வண்டியில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றினார். நிலைப்படிக்கு வந்தார். ஈரத்தரை, அணைந்த சூடம், அடுப்படிக்குள் நிற்கிற மூன்று பெண்கள். ஒன்றும் கேட்கவில்லை. நேராக என் முன்னால் கையை நீட்டி ஸ்பேனரை வாங்கினார். துடைத்தார். பையில் வைத்தார். ஜிப்பை இழுத்தார்.

மாட்டுகிற நேரத்தில் வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்றால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் கம்பெனி முறை. தெருப் பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒருத்தி அப்போதே சொன்னாள், “போனாப் போகுது புள்ள, நாங்க பிழிஞ்சு குடுக்கோம்.”

முத்துச்செல்வி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அப்புறம் மாமியார் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை.

“சூடம் அணைஞ்சது கெட்ட சகுனம்னு சொல்லுதீக. நான் எரிஞ்சனே, அது நல்ல சகுனமா அத்த? அன்னைக்கு எம் மேல ஒரு செம்புத் தண்ணி ஊத்த ஆளில்ல. இன்னைக்கு நான் இருந்தேன், ஊத்துனேன். உங்க மகன் துணி எரியல, நீங்க எரியல. இதுல என்ன குத்தம்?”

தெய்வேந்திரன் சார் கண்ணை மூடினார். வழக்கமான கேள்வி. ஆனால் இந்தத் தரம் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

“தண்ணி எங்கன இருந்து வருதும்மா?”

“டிரம்முல இருந்து” என்றார் முத்துச்செல்வி.

“எங்கன போகுது?”

“அங்கணத்துக்கு.”

“நடுவுல யாரு நிக்கிறாக?”

“நான் நிக்கேன்.”

சார் கண்ணைத் திறந்தார். மூடின பையை அவரே திறந்து, ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். காளியம்மாளைப் பார்த்து, “பெரியம்மா, நிக்கிறவுக சொல்லிட்டாக. நாங்க மெஷின எடுக்க மாட்டோம்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வரைக்கும் எந்த வீட்டிலும் மூத்தவர் பேச்சை மீறி அவர் ஒரு வார்த்தை சொல்லி நான் பார்த்ததில்லை.

அந்தத் துணி எப்படியும் நனைந்துவிட்டது. நனைந்ததை வெளியே எடுத்து, வாசலில் ஒரு வாளித் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை மண்ணில் கொட்டிவிட்டு, அப்புறம் மெஷினில் போட்டோம். முத்துச்செல்வி விரல் மொளியால் பட்டனை அமுக்கினார். ‘டிங்’. மெஷின் பிழிந்து முடிக்கிற வரைக்கும் யாரும் நகரவில்லை. அவர் மூடியைத் திறந்து சட்டையை எடுத்தார். பிழிந்து கிடந்த சட்டையை முழங்கை மேல் போட்டுக்கொண்டு தெருப் பெண்கள் நடுவில் புகுந்து நடந்து போய்க் கொடியில் போட்டார். தலையைக் குனியவில்லை. காளியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தன் சேலையை அந்த மெஷினில் போட அவர் வெகுகாலம் விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மாமியார் என்றால் அந்த அளவு வீம்பாவது வேண்டாமா?

அன்றிலிருந்து பட்டாசு வேலைக்குப் போகிற வீடு என்றால் நான் மூன்று விஷயம் சொல்லாமல் கிளம்ப மாட்டேன். ஆலைத் துணி வாசல் வாளியில் முங்கி எழாமல் நிலைப்படி தாண்டக் கூடாது. மெஷினுக்குச் சூடம் காட்டக் கூடாது. தண்ணீர் வராத நாளில் துணியை மெஷினுக்குள் சேர்த்து வைப்பதும் கூடாது. மெஷினை அழுக்குக் கூடையாக்கினால் மருந்துத் தூளை அடுப்படிக்குள் குடி வைத்த மாதிரி. ஒரு கூட்டத்தில் பெரிய ஆபீசில் இருந்து வந்தவர் கேட்டார், “மெஷின் மாட்டுறதுதான் உங்க வேலை. துணிக்குப் பாடம் எடுக்குறது எதுக்கு? புத்தகத்துல இல்லாததைச் சொன்னா மெமோ குடுப்பேன்” என்று. “குடுங்க சார், பருத்தித் துணியோட சேத்து அலசித் தாரேன்” என்றேன். மெமோ வந்தது. நான் சொல்வதை நிறுத்தவில்லை. இன்னொரு மெமோவும் வந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

ஆப்புக்கு நான் விரோதி இல்லை. அளவு பார்க்கட்டும், வயர் பார்க்கட்டும், சிலிண்டர் எங்கே என்று கேட்கட்டும். ஆனால் அதில் இரண்டு கேள்விதான் இருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது. மூன்றாவது கேள்வி அதில் இல்லை. அது இல்லாமல் சாத்தியமில்லை என்று எழுத எந்த போனுக்கும் உரிமை இல்லை.

போன வாரம் திருத்தங்கலுக்குப் பஸ்ஸில் போய் இறங்கினேன். பழைய ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொண்டுதான் போனேன். கார்த்திக் வாசலில் நின்றார். புது மெஷின் அட்டைப் பெட்டியில் நின்றது. முத்துச்செல்விக்கு முன்தலை நரைத்திருந்தது. இந்தத் தரமும் அவரே கடைக்குப் போய் விரல் மொளியால் அமுக்கிப் பார்த்து எடுத்த மெஷின்.

“வந்தீகளா! இந்தத் தம்பிட்ட சொல்லுங்கக்கா. எம் அடுப்படியப் போட்டா பிடிச்சு எங்கயோ அனுப்பிச் செவப்பாக்கிட்டாரு. எம் அடுப்படி என்ன செவப்பா இருக்கு?”

வெட்டின கடப்பாக்கல் விளிம்பு தேய்ந்து வழவழ என்று இருந்தது. எர்த்தைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. புது மெஷின் கொஞ்சம் அகலம். அரிசி டின்னை முன்னறைக்கு அனுப்பினேன், சரியாக உட்கார்ந்தது. டம்ளரில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தேன். கார்த்திக் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி வலியில் எழுந்திருக்க நேரம் ஆனது, ஆனால் யார் கையையும் பிடித்து எழவில்லை.

ஆணியில் ஆலைத் துணி இல்லை. வாசல் வாளியில் முங்கிக் கிடந்தது.

காளியம்மாள் கட்டிலில் இருந்து இறங்கி வந்தார். கூன் விழுந்துவிட்டது. கையில் ஒரு செம்பு. எங்களை விலகச் சொல்லிவிட்டு மெஷின் மூடியைத் திறக்கச் சொன்னார். செம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றினார். சொட்டு மிச்சம் வைக்காமல் ஊற்றினார்.

“சூடம் காட்டலையா பாட்டி?” என்று கார்த்திக் கேட்டுவிட்டார்.

“எங்க தெருவுல மெஷினுக்குத் தண்ணிதாம்ப்பா பூசை” என்றார் காளியம்மாள். அப்புறம் வெளியே கூடியிருந்த தெருப் பெண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார், “என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கீக? குலவை போடுங்க!”

குலவைச் சத்தத்தில் ‘டிங்’ கேட்கவில்லை. ஆனால் முத்துச்செல்வியின் விரல் மொளி பட்டனில் இருந்தது, மெஷினுக்குள் தண்ணீர் இறங்குவது தெரிந்தது.

கார்த்திக் போனை நீட்டினார். “இன்னும் செவப்புலதான்க்கா இருக்கு. இப்ப என்ன போட?”

“நிக்கிறவுகளக் கேட்டுப் போடுங்க தம்பி” என்றேன்.